பிங்க் ஃபிளாய்டின் விண்வெளி ஒலி: சின்தசைசரா, எக்கோ பெட்டியா?

ஜனவரி 4, மாலை. ஒரு வாசகர் எழுதியது:

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பழைய ஆல்பங்களில் கேட்கிற அந்த விண்வெளி ஒலி முழுக்க சின்தசைசர் வேலைதான். 1967-லேயே அவர்கள் கையில் அது இருந்ததால்தான் மற்ற குழுக்களால் கிட்டே வர முடியவில்லை. என்னிடம் கிட்டார் இருக்கிறது, அதே ஒலிக்காக ஒரு சின்தசைசர் வாங்கலாம் என்று காசு சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த மாடல் வாங்கலாம்?

ஜனவரி 4, இரவு

அந்தக் காசை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் வருடக் கணக்கைப் பாருங்கள். 'தி பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்' 1967 ஆகஸ்டில் வெளிவந்தது. பின்னாளில் அவர்கள் வாங்கிய, ஈஎம்எஸ் கம்பெனியின் விசிஎஸ்3 சின்தசைசர் (மின்சுற்றாலேயே ஒலியை உண்டாக்கும் கருவி) சந்தைக்கு வந்ததே 1969-இல். அது அவர்கள் பாட்டில் முன்வரிசைக்கு வருவது 1972-இல், 'அப்ஸ்க்யூர்ட் பை கிளவுட்ஸ்' ஆல்பத்தில். ஆக 'அஸ்ட்ரானமி டொமினி', 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்', 'செட் த கன்ட்ரோல்ஸ்', 'எக்கோஸ்' என்று ரசிகர்கள் விண்வெளி என்றதும் நினைக்கிற பாட்டுகளின் அடித்தளத்தில் சின்தசைசர் கிடையாது.

இருந்தவை இவ்வளவுதான். சிட் பாரெட்டின் ஃபெண்டர் எஸ்கொயர் கிட்டார், அதன் தந்தியில் உரச ஒரு ஜிப்போ லைட்டர். ரிக் ரைட்டின் ஃபார்ஃபிஸா காம்பாக்ட் டுவோ ஆர்கன். நிக் மேசன் டிரம் குச்சியை வைத்துவிட்டு எடுக்கிற, தலையில் மெத்தை சுற்றிய மாலெட். ரோஜர் வாட்டர்ஸின் பேஸ். ஸ்டுடியோவின் டேப் மெஷின்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மிலானில் தயாரான பின்சன் எக்கோரெக் என்கிற எக்கோ பெட்டி. கிட்டாரும் ஆர்கனும் அதன் வழியாகத்தான் போயின. அந்தப் பெட்டிதான் விண்வெளி. 'அஸ்ட்ரானமி டொமினி' தொடக்கத்தில் ரேடியோவில் வருவதுபோல் கேட்கும் குரல்கூட அவர்களது மேலாளர் பீட்டர் ஜென்னர் மெகாஃபோன் வழியாக விண்மீன் பெயர்களை வாசித்ததுதான்.

ஜனவரி 5

பின்சன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எந்த டிலே பெடலிலும் (ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும் காலால் மிதிக்கும் பெட்டி) அதைக் கிட்டத்தட்டக் கொண்டுவரலாம். மற்ற எக்கோ மெஷின்களில் டேப் ஓடும். இதில் டேப் கிடையாது. சுழலும் ஓர் உருளை, அதன் விளிம்பில் நெருக்கமாகச் சுற்றிய காந்த எஃகுக் கம்பி. அதைச் சுற்றி ஓர் அழிப்பு ஹெட், ஒரு பதிவு ஹெட், நான்கு பிளேபேக் ஹெட்கள். நான்கும் சம இடைவெளியில் இருப்பதால் எக்கோ ஏறத்தாழ 75, 150, 225, 300 மில்லிநொடிகளில் விழும். எந்த ஹெட்கள் பேச வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க 12 நிலை சுவிட்ச். இன்னொரு சுவிட்சில் மூன்று முறைகள்: எக்கோ என்றால் ஒரு தடவை மட்டும் திரும்பும், ரிபீட் என்றால் திரும்பியது மறுபடி பதிவு ஹெட்டுக்குப் போய்த் தேய்ந்து தேய்ந்து திரும்பும், ஸ்வெல் என்றால் பல ஹெட்களின் ஒலி ஒன்றாகக் கலந்து ஒரு பெரிய கூடத்தின் எதிரொலி போல் பரவும்.

ஒரே டிலே உள்ள பெடலில் ஃபிளாய்ட் ஒலி வராததற்குக் காரணம் இதுதான். அது ஒரே இடைவெளியில் தட்டிக்கொண்டே இருக்கும். பின்சனில் 225-உம் 300-உம் சேர்ந்து பேசும்போது எக்கோவுக்குள்ளேயே ஒரு தாளம் பிறக்கிறது. மல்டி-டாப் டிலே (ஒரே ஒலியைப் பல தாமதங்களில் திருப்புவது; ஒவ்வொரு தாமதமும் ஒரு டாப்) வாங்குங்கள், நான்கு டாப்களையும் மேலே சொன்ன எண்களில் வையுங்கள், திரும்பும் ஒலியில் உச்ச அதிர்வெண்களைக் குறையுங்கள், மாடுலேஷனைக் கொஞ்சமே கொஞ்சம் திறங்கள். உருளை ஒருபோதும் முழுச்சீராகச் சுற்றாது; அந்தச் சிறு நடுக்கம் இல்லாவிட்டால் ஒலி பிளாஸ்டிக்காக இருக்கும்.

ஜனவரி 5, பின்னிரவு

300 மில்லிநொடி என்பது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு. மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பின்பற்றுவதால், அதே பெட்டியை 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்காவிலோ கனடாவிலோ செருகினால் உருளை ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும்; 300 என்பது 250 ஆகிவிடும். மின்மாற்றி போட்டால் வோல்ட் மாறுமே தவிர ஹெர்ட்ஸ் மாறாது. மோட்டார் தண்டின் விட்டத்தை மாற்றினால்தான் பழைய வேகம் திரும்பும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் 50 ஹெர்ட்ஸ், இங்கே பிரச்சினை இல்லை. டொராண்டோ நண்பர்கள் ஐரோப்பாவிலிருந்து பெட்டி தருவிப்பதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி 8

'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' பேஸுக்குச் செட்டிங் கேட்டிருக்கிறார்கள். 'மெடில்' ஆல்பத்தின் (1971) முதல் பாட்டு. அந்தக் குதிரைப் பாய்ச்சலை யாரும் விரலால் வாசிக்கவில்லை. கை நேரான அடிதான் அடிக்கிறது, பாய்ச்சலைப் போடுவது எக்கோ.

கணக்கு இது. எக்கோவை 300 மில்லிநொடியில் வைத்தால் அடிகள் 450 மில்லிநொடிக்கு ஒன்றாக விழ வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 133 அடி. முதல் எக்கோ அடியின் மூன்றில் இரண்டு பங்கு கடந்ததும் விழும். அதன் மறு எக்கோ 600-இல், அதாவது அடுத்த அடிக்கு 150 மில்லிநொடி கழித்து, மூன்றில் ஒரு பங்கில் விழும். கை ஒன்று வாசிக்க, பெட்டி மீதி இரண்டையும் நிரப்பித் திஸ்ரமாக்கிவிடுகிறது. ஆகவே ஃபீட்பேக் (எக்கோ மறுபடி மறுபடி திரும்பும் அளவு) குறைந்தது இரண்டு தடவை கேட்கிற அளவுக்கு இருந்தாக வேண்டும். ஒரே ஒரு எக்கோ வைத்துவிட்டு நொண்டி நடை வருகிறதே என்று கேட்பவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

எக்கோவின் சத்தம் நேர் ஒலியோடு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். பிளெக்ட்ரம் (தந்தியைத் தட்டும் சிறு தகடு) வேண்டும், விரல் நுனி போதாது. தந்தி அடிபடும் அந்த டிக் இல்லாவிட்டால் எக்கோ எங்கே விழுகிறது என்பதே காதுக்குத் தெரியாது. டிரம்மர் எக்கோவைக் கேட்டு வாசிக்க வேண்டும், பேஸ் கையைப் பார்த்து அல்ல. நிமிடத்துக்கு 133 என்பது 138 ஆனாலே பாய்ச்சல் குலைந்துவிடும். மேடையில் எல்லோரும் வேகம் பிடிக்கிறவர்கள் என்றால் டாப்-டெம்போ (காலால் தட்டி எக்கோவின் வேகத்தை மாற்றும் வசதி) உள்ள பெடல் நல்லது.

ஜனவரி 9

'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' பாட்டில் இரண்டு பேஸ் கேட்கிறதே என்கிறார்கள். ஆமாம், அதில் பேஸ் இரண்டு. ஒன்று டேவிட் கில்மர் (பாரெட்டுக்குப் பிறகு குழுவின் கிட்டாரிஸ்ட்), இன்னொன்று வாட்டர்ஸ். ஹெட்ஃபோனில் ஒவ்வொரு காதிலும் ஒன்று. ஒன்றில் பழைய தந்தி என்பதால் மந்தமாகக் கேட்கிறது. புதுத் தந்தி வாங்கி வர அனுப்பிய உதவியாளர் காதலியைப் பார்க்கப் போய்விட்டார் என்பது குழுவே சொன்ன கதை. இரண்டும் புதுத் தந்தியோடு பதிவு செய்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவில் ஒரே பேஸாகக் கேட்கும், அகலம் போய்விடும். கணினியில் செய்பவர்கள் ஒரு டிராக்கில் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டினால் போதும்.

ஜனவரி 12

'எக்கோஸ்'. 23 நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு ஒரே ஒரு பியானோ சுரத்திலிருந்து முளைத்தது. 1971 ஜனவரியில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் உட்கார்ந்து 'நத்திங்' என்று எண் போட்டுத் துண்டு துண்டாகப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். (அதில் 14-ஆம் துண்டு 2016-இல் வந்த 'தி எர்லி இயர்ஸ்' தொகுப்பில் இருக்கிறது, கேளுங்கள்.) ரைட் தட்டிய உயர் பி சுரத்தை மைக்கில் பிடித்து லெஸ்லி ஒலிபெருக்கி வழியாக விட்டார்கள். லெஸ்லியில் மேலே ஒரு கொம்பு மோட்டாரில் சுழலும். கொம்பு நம் பக்கம் திரும்பும்போது ஒலி கூர்மையாகும், விலகும்போது மங்கும்.

அதே ஒலியை வீட்டில் எடுக்க: பியானோவில் மிதியை அழுத்திப் பிடித்து ஒரே சுரம், மெதுவான வேகத்தில் லெஸ்லி சிமுலேட்டர் (கொம்பு நிமிடத்துக்கு 50 சுற்றுக்குக் கிட்டத்தில்), பிறகு எக்கோ, பிறகு நீண்ட ரிவர்ப் (பெரிய கூடத்தின் எதிரொலி போன்றது). வரிசை மாறினால் ஒலி மாறும். எக்கோவை லெஸ்லிக்கு முன்னால் வைத்தால் எல்லா எக்கோவும் ஒரே சுழற்சியில் குழம்பும். பின்னால் வைத்தால் ஒவ்வொரு எக்கோவும் அந்தச் சுழற்சியின் பிரதியாகத் தனித்து நிற்கும்.

ஒரு பிங் போல் அடுத்த பிங் வராது. சுரம் அடிபடுகிற கணத்தில் கொம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது உங்கள் கையில் இல்லை. இருபது முப்பது தடவை பதிவு செய்து பொறுக்கத்தான் வேண்டும். பிங்க் ஃபிளாய்டுக்கே இதுதான் நடந்தது: முதல் சோதனைப் பதிவில் கிடைத்த ஒலி பிறகு திரும்பக் கிடைக்காததால் அந்தப் பழைய பதிவையே பாட்டின் தொடக்கத்தில் சேர்த்துவிட்டார்கள்.

ஜனவரி 12, தொடர்ச்சி

'எக்கோஸ்' நடுவில் அலறுகிற கடற்பறவை. அதுவும் கிட்டார்தான். வா-வா பெடலின் (மிதிக்க மிதிக்க ஒலியை 'வா' என்று திறந்து மூடும் பெடல்) இரண்டு வாய்களையும் தலைகீழாக இணைத்தால் வருவது. உதவியாளர் ஒருவர் தவறாகச் செருகியதில் கில்மர் கண்டுகொண்டார்.

கிட்டார் கேபிளைப் பெடலின் அவுட்புட் வாயில் செருகுங்கள். ஆம்ப் கேபிளை இன்புட் வாயில். பெடலை ஆன் செய்யுங்கள். அதற்கு முன் ஆம்ப் வால்யூமைக் கால்வாசிக்குக் கீழே இறக்கி வையுங்கள், ஏனென்றால் தொட்டவுடன் அலறும், தந்தியைத் தொடத் தேவையே இல்லை. இனி பெடல் பெரிய வேலை செய்யாது. குரலின் ஏற்ற இறக்கம் கிட்டாரின் டோன் குமிழில் இருக்கிறது. சுண்டுவிரலால் டோனை மெல்லத் திருப்பினால் அழுகை ஏறி இறங்கும். வால்யூம் குமிழில் அலறலை வெட்டலாம். பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) சுவிட்சை மாற்றினால் குரலே வேறு ஆளாகும். எக்கோவும் ரிவர்பும் பெடலுக்கும் ஆம்புக்கும் நடுவில் வர வேண்டும்.

ஜனவரி 13

மூன்று பேருக்கு அந்தப் பறவைக் குரல் வரவில்லையாம். காரணங்கள் இவை. நீங்கள் வைத்திருக்கும் வா பெடலில் பஃபர் சர்க்யூட் இருக்கலாம். புது மாடல்கள் பலவற்றில் இருக்கிறது. கிட்டார் பிக்கப்பின் சுருளும் பெடலுக்குள் இருக்கும் சர்க்யூட்டும் நேரடியாக ஒன்றையொன்று பார்த்தால்தான் இந்த ஊசலாட்டம் பிறக்கும். நடுவில் பஃபர் வந்தால் சுவர் எழுப்பியதுபோல் அறுந்துவிடும். பழைய இத்தாலிய வாக்ஸ் பெடல்களும் அதே சர்க்யூட்டில் செய்த பிரதிகளும் வேலை செய்யும். இரண்டாவது, கிட்டாருக்கும் வாவுக்கும் நடுவே ட்யூனர் பெடலோ வேறு பெடலோ இருந்தால் எடுத்துவிடுங்கள், அணைத்து வைத்திருந்தாலும் சரி. மூன்றாவது, பேட்டரி போட்ட ஆக்டிவ் பிக்கப்பில் வராது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி சிங்கிள் காயில் நல்லது. எல்லாம் சரியாக இருந்தும் மௌனம் என்றால் டோன் குமிழைப் பத்திலிருந்து பூச்சியம்வரை மெதுவாகத் திருப்புங்கள்; சில கிட்டார்களில் ஒரு குறுகிய இடைவெளியில் மட்டும்தான் பறவை உட்கார்ந்திருக்கும்.

ஜனவரி 19

'எ ஸாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' (1968) பற்றி யாரும் பேசாதது வருத்தம். எனக்கு இவர்களின் விண்வெளிக் காலத்தில் முதலிடம் அந்தத் தலைப்புப் பாட்டுக்குத்தான். வாட்டர்ஸும் மேசனும் ரீஜன்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படித்தவர்கள். இந்தப் பாட்டைச் சுரக்குறிப்பாக எழுதவில்லை. மேடும் பள்ளமுமாகக் கோடு வரைந்து, பதற்றம் எங்கே ஏற வேண்டும், எங்கே வடிய வேண்டும் என்று குறித்துக்கொண்டார்கள்.

தொடக்கத்தில் வருகிற அந்த உறுமல் ஒரு சிம்பல். மைக்கை அதன் விளிம்புக்கு அருகே கொண்டுபோய், மாலெட்டால் மிக மெதுவாகத் தட்டினால், தூரத்தில் நின்று கேட்கும்போது காதுக்கு எட்டாத கீழ்ச்சுரங்கள் பெருகி வரும். செய்து பார்ப்பவர்கள் மைக்கை விளிம்புக்கு நேராகப் பக்கவாட்டில் வைக்க வேண்டாம், சிம்பல் ஆடும்போது காற்று மைக்கில் மோதிப் பொத்துப் பொத்தென்று கேட்கும். சற்று மேலே, சாய்வாக வையுங்கள். பலமாக அடித்தால் வழக்கமான சிம்பல் ஒலி வந்து மாயம் கலைந்துவிடும்.

நடுப்பகுதியில் மேசனின் டிரம் ஒரு லூப்பாக (முனைகளை ஒட்டி வளையமாக ஓடவிட்ட டேப்) சுழல்கிறது. ரைட் பியானோவைக் கையால் குத்துகிறார். கில்மர் கிட்டாரைத் தரையில் கிடத்தி, மைக் ஸ்டாண்டின் ஒரு காலைக் கழற்றித் தந்திகள் மேல் இழுக்கிறார். ஸ்டாண்டின் இரும்புக் கால் ஸ்லைடைவிடக் கனம். ஃபிரெட்களில் இடித்து எழும் கரகரப்பும் ஒலியில் சேரும். கிட்டார் பழுதாகாமலிருக்க வேண்டுமென்றால் தந்திகளைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள்.

ஜனவரி 20

"ஒலி அரங்கத்தைச் சுற்றி நடந்தது" என்று பழைய ரசிகர்கள் சொல்வது மிகைப்படுத்தல் இல்லை. அஸிமத் கோ-ஆர்டினேட்டர் என்ற பெட்டியின் வேலை அது. அபே ரோட்டின் பொறியாளர் பெர்னார்ட் ஸ்பைட் செய்தது. 1967 மே 12 அன்று லண்டன் குயின் எலிசபெத் ஹாலில் முதலில் பயன்பட்டது, நிகழ்ச்சிக்குப் பிறகு திருடு போனது. இரண்டாவதாக ஒன்று செய்து 1969 ஏப்ரல் 14 அன்று ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் இயக்கினார்கள். அது இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. (1967 நிகழ்ச்சியில் சோப்புக் குமிழியும் பூவும் வாரி இறைத்து இருக்கையும் கம்பளமும் பாழாகி, அந்த அரங்கத்தில் இனி வாசிக்கக் கூடாது என்று தடையும் வாங்கினார்கள்.)

உள்ளே நான்கு பெரிய சுழல் மின்தடைகள். வழக்கமாக 270 பாகை சுற்றக்கூடியவற்றை 90 பாகைக்குள் முழு வீச்சும் வருமாறு மாற்றி, ஒரு ஜாய்ஸ்டிக்கோடு பிணைத்திருந்தார்கள். அரங்கின் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி. குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்த மூலையில் ஒலி கூடும். நேராக நின்றால் எல்லா மூலையிலும் சமம். ரைட் ஒரு கையால் ஆர்கன் வாசித்துக்கொண்டே இன்னொரு கையால் குச்சியைச் சுழற்றுவார்.

இதைக் கணினியிலும் நான்கு ஸ்பீக்கரிலும் செய்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் ஒலி கடக்கும்போது வால்யூமை நேர்க்கோட்டில் குறைத்துக் கூட்டினால் நடுவழியில் சத்தம் 3 டெசிபல் பள்ளத்தில் விழும், ஒலி நடக்காமல் தாவுவதுபோல் இருக்கும். ஈக்வல் பவர் வளைவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு, ஸ்பீக்கரை ஆட்களின் காது உயரத்தில் வைத்தால் மூலையில் உட்கார்ந்தவருக்கு அந்த ஒன்று மட்டும்தான் கேட்கும். தலைக்கு மேலே தூக்கிக் கூடத்தின் மையத்தை நோக்கிச் சாய்த்து வையுங்கள். சுற்றவிடும் ஒலியும் முக்கியம்: காலடி, சிரிப்பு, சிம்பல் போல் கூர்மையான தொடக்கம் உள்ளவை எங்கிருக்கின்றன என்று காது சட்டென்று கண்டுபிடிக்கும். மந்தமான பேஸை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் யாருக்கும் தெரியாது.

ஜனவரி 27

'மணி' (Money, பணம்) பாட்டின் தொடக்க லூப். இதையும் ஒருவர் சின்தசைசர் என்று எழுதியிருக்கிறார். நாணயம், கிழியும் காகிதம், கல்லாப்பெட்டி, கணக்கு மெஷின் என்று எல்லாம் நிஜப் பொருள்கள். வாட்டர்ஸ் அவர் மனைவி மட்பாண்ட வேலைக்கு வைத்திருந்த கிண்ணத்தில் காசைச் சுழற்றிப் போட்டார். பதிந்த டேப்பை ரூலரால் அளந்து வெட்டி ஏழு துண்டாக ஒட்டினார்கள். பாட்டே ஏழு எண்ணிக்கைத் தாளம். (சாக்ஸபோன் தனி ஆவர்த்தனம் வரை ஏழு; கிட்டார் தனிக்கு நான்காக மாறும்.)

கணக்கு: டேப் நொடிக்கு 38.1 சென்டிமீட்டர் ஓடுகிறது, நிமிடத்துக்கு 120 பீட் என்று வைத்தால் ஒரு பீட்டுக்கு 19 சென்டிமீட்டர் சொச்சம், ஏழுக்கும் சேர்த்து 133 சென்டிமீட்டர். 1 சென்டிமீட்டர் பிசகினால் 26 மில்லிநொடி, தாளம் தட்டுவது காதுக்குத் தெரியும். 2 மில்லிமீட்டர் பிசகு 5 மில்லிநொடி, யாருக்கும் தெரியாது. ஆகவே ரூலர் போதும்.

ஒலி எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு ரீல்களையும் கையால் முன்னும் பின்னும் ஆட்டி, ஹெட்டில் ஒலி எழும்பும் இடத்தில் டேப்பின் பின்பக்கம் மெழுகுப் பென்சிலால் குறியுங்கள். வெட்டு அந்தக் குறிக்குச் சற்று முன்னால். வழக்கமான 45 பாகைச் சாய்வு வெட்டு கால் அங்குல டேப்பில் 6 மில்லிமீட்டர் நீளம் பரவும். அதாவது 17 மில்லிநொடி நேரத்தில் ஒலி மெதுவாக உள்ளே வரும். நாணயம் விழும் கூர்மை அதில் மழுங்கிவிடும். கூர்மையான ஒலிக்கு வெட்டை நெட்டாக்குங்கள். பிளேடு காந்தமேறியிருந்தால் ஒவ்வொரு ஒட்டிலும் டிக் என்று கேட்கும், புது பிளேடு எடுங்கள். ஒட்டும் டேப் பளபளக்கும் பின்பக்கத்தில்தான், பழுப்புப் பக்கத்தில் ஒட்டினால் ஹெட் பசையாகும்.

லூப் மெஷினைவிடப் பெரிது, அதனால் மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட வேண்டும். தளர்ந்தால் டேப் நழுவிச் சுரம் இழுபடும், விறைத்தால் டேப் நீண்டு தாளம் தள்ளிப்போகும். ஸ்டாண்டை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, டேப் தொய்வில்லாமல் ஆனால் விரலால் எளிதாக அழுத்தக்கூடியதாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஜனவரி 28

லூப் தொடர்ந்து ஓடாமல் குழு உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் மங்கிவிடுவதைக் கவனித்தீர்களா? அது மங்குவதால்தான் மேசனும் வாட்டர்ஸும் தங்கள் வேகத்துக்கு நகர முடிகிறது. கவர் செய்கிற குழுக்கள் பலர் லூப்பைக் கடைசிவரை ஓடவிட்டுக் கிட்டார் தனியில் மாட்டிக்கொள்கிறார்கள். மங்கவிடுங்கள்.

பிப்ரவரி 2

சின்தசைசருக்கு உரிய இடத்தையும் சொல்லிவிட வேண்டும். 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) ஆல்பத்தின் 'ஆன் த ரன்'. ஈஎம்எஸ் சிந்தி ஏகேஎஸ், கைப்பெட்டிக்குள் அடங்கும் மெஷின், மூடியில் விசைப்பலகையும் சீக்வென்சரும் (சுரங்களை நினைவில் வைத்துத் தானே வாசிக்கும் பகுதி). எட்டுச் சுரம்: இ, ஜி, ஏ, ஜி, டி, சி, டி, இ. மெதுவாக வாசித்து ஏற்றிவிட்டு வேகத்தைக் கூட்டினார்கள். இன்றைய மென்பொருளில் 165 பீபீஎம் (நிமிடத்துக்கு 165 பீட்), பதினாறில் ஒரு பங்குச் சுரங்களாகப் போட்டால் எட்டும் முக்கால் நொடிக்குள் முடியும். உயிர் இருப்பது ஃபில்டரில் (ஒலியின் சில அதிர்வெண்களை வெட்டும் பகுதி). ரெசொனன்ஸைப் பாதிக்கு மேல் ஏற்றிக் கட்-ஆஃப் குமிழைக் கையால் திருப்பிக்கொண்டே இருங்கள். எல்எஃப்ஓவிடம் (குமிழைத் தானாக ஏற்றி இறக்கும் சுற்று) விட்டால் ஒரே மாதிரி ஊசலாடிச் சலிக்கும். ஹை-ஹாட் போல் கேட்பது வெள்ளை இரைச்சல்.

இதிலும் கிட்டார் இருக்கிறது: மைக் ஸ்டாண்டைக் கிட்டார்க் கழுத்தில் இழுத்துப் பதிந்து, டேப்பைத் திருப்பி ஓட்டி இடமிருந்து வலமாக விட்டிருக்கிறார்கள். 1968-இன் ஸ்டாண்ட் கால் 1972-இலும் கைகொடுக்கிறது.

பழைய ஈஎம்எஸ் வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு: ஆசிலேட்டர்கள் சூட்டில் நகரும். ஆன் செய்து அரைமணி நேரம் கழித்துச் சுருதி சேருங்கள். இணைப்புக்கு ஒயர் கிடையாது, 16-க்கு 16 துளைப் பலகையில் ஊசி செருகுவதுதான். ஊசிக்குள் மின்தடை இருப்பதால் வெறும் கம்பியைச் செருகி ஒப்பேற்றக் கூடாது.

பிப்ரவரி 3

'விஸர்ட் ஆஃப் ஓஸ்' என்ற பழைய ஹாலிவுட் படத்தோடு சேர்த்து ஓடவிட்டால் அந்த ஆல்பம் பொருந்துகிறதாமே என்ற கேள்வி வந்தே தீரும், வந்துவிட்டது. தற்செயல். குழுவினரும் ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸும் மறுத்துவிட்டார்கள். 'மணி' லூப்புக்கு ரூலர் பிடித்த கூட்டம் ஒரு முழுப் படத்துக்கு ரகசியமாக அளவெடுத்திருக்குமா, யோசியுங்கள்.

பிப்ரவரி 4

பெடல் வரிசை கேட்டவருக்கு. ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்), பிறகு வா, பிறகு எக்கோ, கடைசியில் சுத்தமான ஆம்ப். கில்மர் ஹைவாட் டிஆர்103 என்ற 100 வாட் ஆம்ப் வைத்திருந்தது இரைச்சலுக்காக இல்லை. நிறைய ஏற்றினாலும் அதன் ஒலி கரகரத்து உடைவதில்லை. எக்கோவுக்குப் பின்னால் ஆம்பில் ஒலி உடைந்தால் நேர் ஒலியும் எக்கோவும் ஒன்றாக நசுங்கி இடைவெளி மறைந்துவிடும். ஃபஸ்ஸில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வாங்காதீர்கள், வெயில் ஊர்களில் சூட்டில் கசிவு கூடிச் சுரம் பாதியில் அறுந்து அறுந்து வரும். சிலிக்கான் வாங்குங்கள். 1970-களில் கில்மரும் பிசி108 சிலிக்கான் வைத்ததைத்தான் வாசித்தார்.

பிப்ரவரி 15

இதையெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இத்தாலியின் பாம்பேய் நகரில் குழு வாசித்ததை எடுத்த படம்தான். 1971 அக்டோபரில் ஆட்களே இல்லாத ரோமானிய அரங்கில் ஏட்ரியன் மாபென் எடுத்தது, 2025-இல் 4கே-வில் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள். பின்சன் பெட்டிகள் எங்கே இருக்கின்றன, எந்த வாத்தியத்துக்குப் பக்கத்தில் என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' முழுக்க மேசனையே காட்டுவதற்குக் காரணம் மற்ற ஃபிலிம் சுருள்கள் தொலைந்துபோனது; நமக்கு அது லாபம். ஒரு இடத்தில் குச்சி கையை விட்டுப் பறக்கிறது, ஒரு அடிகூடத் தவறாமல் இன்னொன்றை உருவுகிறார். மேலே ஜனவரி 8-இல் எழுதிய எக்கோவைப் பிடித்துக்கொண்டு ஒரு டிரம்மர் எப்படி நிற்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

பிப்ரவரி 22

முதலில் கேள்வி கேட்டவர் பழைய பின்சன் ஒன்று விலைக்கு வருகிறது என்கிறார். நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மின்சாரம் இல்லாமல் உருளையை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும், இழுத்தால் எண்ணெய் கெட்டியாகியிருக்கிறது, அது சரிசெய்யக்கூடியது. மோட்டாருக்கும் உருளைக்கும் நடுவில் உள்ள ரப்பர்ச் சக்கரத்தைத் தடவுங்கள். நாள்பட ஓடாமல் நின்றிருந்தால் பள்ளம் விழுந்திருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் சுரம் விக்கும். புது ரப்பர் போட்டால் தீரும். கம்பி சுற்றிய விளிம்பில் கீறலோ துருவோ இருந்தால் விட்டுவிடுங்கள், அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. ஹெட்களில் ஆழமான கோடு விழுந்திருந்தால் யாரோ உருளையோடு அழுத்தி வைத்திருக்கிறார்கள். விலையைப் பாதியாகக் கேளுங்கள். பச்சையாக ஒளிரும் மேஜிக் ஐ எரியாவிட்டால் கவலை வேண்டாம், அது அளவு காட்டும் விளக்கு மட்டும்தான். அணைத்த பிறகும் உள்ளே மின்தேக்கிகளில் 200 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், வால்வு ரேடியோ பழக்கமுள்ள மெக்கானிக்கைத் தவிர யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு கிட்டாரும் கேபிளும் கொண்டுபோங்கள். நான்கு ஹெட்களையும் சுவிட்சில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே சுரம் அடித்துப் பாருங்கள், நான்கும் ஏறத்தாழ ஒரே சத்தத்தில் திரும்பினால் வாங்கலாம்.